நர்ஸம்மா கிட்ட கேளுங்க: யோசனை சொல்ல பத்து பேரு, துணி அலச ஆளக் காணோம்

இந்த தடவ வந்த லெட்டரு, வாட்ஸ்அப்பு எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பச்சப்புள்ள வெச்சிருக்கவங்க எழுதுனதுதான் நெறய. மலையிலயும் கீழயுமா ரொம்ப வருஷம் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான், இதுல பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆசிரியர் கத்திரி போட்டா போட்டுக்கட்டும். பேரு வேண்டாம்னு எல்லாரும் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு பொண்ணு பொறந்து இன்னியோட 38 நாள் ஆகுது. அம்மா தவறிட்டாங்க, அதனால பிரசவத்துக்கும் மாமியார் வீட்லயே தான் இருக்கேன். வீட்டுக்காரர் வெள்ளிப் பட்டறைக்கு காலைல போனா ராத்திரி 9 ஆயிரும். சாயங்காலம் ஆனா பாப்பா அழ ஆரம்பிச்சுருது, நிறுத்தவே மாட்டேங்குது. பால் பத்தலன்னு நாத்தனார் பவுடர் வாங்க சொல்றாங்க, பக்கத்து வீட்டக்கா பூண்டு தின்னுன்னு சொல்றாங்க, போன்ல பாத்தா இன்னும் நாலு விதமா சொல்றாங்க. பொண்ணா போச்சுன்னு சொந்தத்துல பாதி பேரு பாக்க கூட வரல. எனக்கு காரணமே இல்லாம அழுகை வருது, சாப்பாடு எறங்கல. யார் கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியல சிஸ்டர்.
(வாசகி, செவ்வாய்பேட்டை, சேலம்)

பதில்: கண்ணு, மொதல்ல பால் விஷயத்த முடிச்சிருவோம், அத வெச்சுத்தான உன்ன எல்லாரும் பயமுறுத்துறாங்க. பால் பத்துதா இல்லயான்னு அழுகைய வெச்சு சொல்ல முடியாது. துணி காயற கொடியப் பாரு. ஒரு நாளைக்கு டயபர் போடாம விட்டுட்டு, காலைல 6ல இருந்து மறுநாள் காலைல 6 வரைக்கும் ஒண்ணுக்கு நனைஞ்ச துணிய தனியா ஒரு பக்கெட்ல போட்டு எண்ணு. 6 துணி, அதுக்கு மேலன்னா பால் போதுது. நான் வீட்டுக்கு போறப்பல்லாம் வாசப்படி ஏறறதுக்கு முன்னாடி கொடியத்தான் பாப்பேன், பழைய வேட்டிய கிழிச்ச துணி நைலான் கயிறுல வரிசையா காஞ்சுட்டு இருந்தா பாதி கேள்வி எனக்கு மிச்சம். இன்னொண்ணு எடை. பொறந்ததும் கொஞ்சம் குறையும், ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்துரும், அப்புறம் வாரத்துக்கு 150, 200 கிராம் ஏறணும். அங்கன்வாடிலயோ, உங்க பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ காசில்லாம எடை போடுவாங்க, ஒரே மெஷின்ல துணி இல்லாம போட சொல்லு, வேற வேற எடத்துல போட்டா 100 கிராம் அங்கயும் இங்கயும் ஆடும், அத பாத்து நீ ஒரு ராத்திரி அழுவ. எடை ஏறலன்னாதான் பவுடர் பேச்சே, அதையும் டாக்டர் தான் சொல்லணும், நாத்தனார் இல்ல.

அப்புறம் ஏன் அழுவுதுன்னா, இந்த வயசு அப்படி. பச்சப்புள்ளைங்க அழுகை ஆறாவது வாரத்துல உச்சத்துக்கு போகும், அதுவும் சாயங்காலத்துல, மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். நீ இப்ப சரியா உச்சில நிக்கற. ஆனா உடம்பு சுட்டு 100.4 காட்டுனா, பால் குடிக்காம சுருண்டு கெடந்தா, மூச்சு விடறப்ப நெஞ்சு உள்ள குழிஞ்சா, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளா இருந்தா, இதெல்லாம் அழுகை கணக்குல சேராது, 108க்கு போன போட்டுட்டு கெளம்பிரு.

இப்ப உன் விஷயம். பொறந்து ரெண்டு வாரம் வரைக்கும் காரணமில்லாம அழுகை வர்றது நெறய பேருக்கு உண்டு, தானா போயிரும். உனக்கு 38 நாள் ஆச்சு, சாப்பாடும் எறங்கலங்கற, அதனால இத நான் சும்மா விட மாட்டேன். 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மனஸ்னு பேரு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. 104லயும் பேசலாம். நேர்ல போகணும்னா ஜிஎச்ல மனநல ஓபி இருக்கு, பால் குடுக்கறப்பவும் சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கு, அதனால பால நிறுத்திருவாங்களோன்னு பயந்து போகாம இருக்காத. உன்ன நீயே ஏதாவது பண்ணிக்கணும், இல்ல பாப்பாவ ஏதாவது பண்ணிருவோமோங்கற மாதிரி ஒரு நெனப்பு வந்துச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்காரர எழுப்பி சொல்லு, ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி, அன்னிக்கே ஆஸ்பத்திரி. அது பைத்தியம் இல்ல, காய்ச்சல் மாதிரி ஒரு வியாதி, வைத்தியம் பாத்தா சரியாகும்.

எனக்கு மூத்தவன் பொறந்தப்ப நானே நர்ஸு, ஊருக்கெல்லாம் பால் குடுக்க சொல்லித் தர்றவ, என் புள்ள மார்ல வாய் வெக்க மாட்டேன்னு மொகத்த திருப்பிக்கிச்சு. நான் பெத்த ஆஸ்பத்திரில மொத நாளே பாட்டில் குடுத்து பழக்கிட்டாங்க, கேக்க எனக்கு தைரியம் இல்ல. ஒரு நாள் மத்தியானம் துவைக்கற கல்லு மேல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். அடுத்த வீட்டு அம்மா, தறி ஓட்டறவங்க, சேலையெல்லாம் நூல் தூசு, வந்தாங்க, ஒண்ணுமே கேக்கல, எங்கிட்ட இருந்த பக்கெட்ட வாங்கி துணிய பூரா அலசி கொடில போட்டுட்டு போயிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. பத்து நாள் வந்தாங்க. அந்த பத்து நாள்ல நான் தூங்குனேன், தூங்குனதுல பாலும் ஊறுச்சு, புள்ளயும் மெல்ல மார புடிச்சுது. அன்னில இருந்து யாரு வீட்டுக்கு போனாலும் நான் மனசுக்குள்ள ரெண்டு கணக்கு வெச்சுக்குவேன், இந்த வீட்ல வாய் எத்தன, கை எத்தன.

உங்க வீட்ல வாய் நெறய இருக்கு. கைய நீதான் கேட்டு வாங்கணும், அதுவும் 'கொஞ்சம் ஒத்தாச பண்ணுங்க'ன்னு பொதுவா கேட்டா யாருக்கும் புரியாது. பக்கத்து வீட்டக்கா பூண்டுன்னு சொன்னாங்கல்ல, 'அக்கா உரிச்சு குடுத்தீங்கன்னா சாப்பிடறேன், பாப்பாவ அரமணி நேரம் வெச்சுக்கறீங்களா குளிச்சுட்டு வந்தர்றேன்'னு கேளு. நாத்தனார் கிட்ட பவுடர் வேண்டாம் அண்ணி, நாளைக்கு மத்தியான சோறு ஆக்கி குடுங்கன்னு சொல்லு. வீட்டுக்காரர் 9 மணிக்கு வர்றாரா, நல்லது, வந்ததும் குளிக்க சொல்லு, பட்டறை சட்டையில ஆசிட்டும் பொடியும் ஒட்டியிருக்கும், அதோட புள்ளய தூக்க கூடாது. குளிச்சு சாப்ட்டதுக்கப்புறம் 12 மணி வரைக்கும் பாப்பா அவரு பொறுப்பு, பசிச்சா மட்டும் உன் கிட்ட கொண்டு வந்து குடுக்கட்டும், மிச்ச நேரம் தோள்ல போட்டு நடக்கட்டும். தூக்கம் வந்தா தொட்டில்ல போட்டுட்டு படுக்கணும், நெஞ்சு மேல போட்டுட்டு தூங்கிர கூடாது. நீ அந்த நேரம் பூரா வேற ரூம்ல தூங்கு.

45 நாள் ஊசி ஒரு வாரத்துல வருது. புதன்கிழமை தான் தடுப்பூசி நாள், அன்னிக்கு நர்ஸம்மாவ பாத்தே ஆகணும் நீ, ஊசி போட்டதும் எழுந்து ஓடிராத, பால் புடிக்கறத ஒரு தடவ பாத்து சொல்லுங்கன்னு உக்காந்துக்க. அதே நாள் வந்திருக்கற மத்த அம்மாங்க கிட்ட போன் நம்பர் வாங்கிக்க. அதே வயசு புள்ள வெச்சிருக்கறவ ஒருத்தி ராத்திரி 3 மணிக்கு 'நானும் முழிச்சுட்டு இருக்கேன்'னு ஒரு மெசேஜ் போட்டா, நான் எழுதற இந்த பக்கத்த விட அது பெருசு.

பொண்ணா போச்சுன்னு வராதவங்க பத்தி. பொறந்த பொட்டப்புள்ளய கொல்லாம அரசாங்கம் வெச்ச தொட்டில்ல விட்டுட்டு போங்கன்னு கொண்டாந்த தொட்டில் குழந்தை திட்டத்த 1992ல மொத மொதல்ல இந்த சேலம் ஜில்லாவுலதான் ஆரம்பிச்சாங்க, எதுக்கு ஆரம்பிக்க வேண்டி வந்துச்சுன்னு உங்க வீட்டு பெரியவங்களுக்கு தெரியும். அந்த மாதிரி சனம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. வராதவங்களுக்கு காபி போடற வேல மிச்சம்னு நெனச்சுக்க.

கேள்வி: மகப்பேறு பணம் மொத தவணை வந்துச்சு, புள்ள பொறந்து 5 மாசம் ஆகியும் அடுத்தது வரல. யார கேக்கறது?
(வாசகி, ஓமலூர்)

பதில்: முத்துலட்சுமி ரெட்டி திட்டம் மொத்தம் 18,000, அதுல 14,000 தான் பணம், மிச்சம் 4,000 ஊட்டச்சத்து பெட்டகமா ரெண்டு தடவ குடுக்கறது, அத பணத்தோட சேத்து எண்ணிட்டு குறையுதுன்னு நெறய பேரு சண்ட போடுவாங்க. பணம் நின்னு போனா நான் பாத்த வரைக்கும் காரணம் பேங்க் தான், ஆதார்ல ஒரு இனிஷியல் பாஸ்புக்ல ஒரு இனிஷியல், இல்ல பேங்க் இன்னொரு பேங்கோட சேந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும், இல்ல அக்கவுண்ட்ல வருஷக்கணக்கா போடாம எடுக்காம தூங்கிட்டு இருக்கும். அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கணும், வீட்டுக்காரர் பேர்ல இல்ல. பாஸ்புக் ஜெராக்ஸு, ஆதார், கர்ப்பத்த பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பர், ஊசி போட்ட அட்டை நாலும் எடுத்துட்டு உங்க ஏரியா நர்ஸ போய் பாருங்க, ஊசி விட்டுப் போயிருந்தாலும் தவணை நிக்கும். பிக்மி நம்பர பத்திரமா வைங்க, பொறப்பு சர்டிபிகேட்டுக்கும் அத கேப்பாங்க. சர்டிபிகேட்ல புள்ள பேர ஒரு வருஷத்துக்குள்ள சேத்துட்டா காசு இல்ல, ஜோசியர் எழுத்து சொல்லலன்னு இழுத்துட்டே போயிராதீங்க.

கேள்வி: சிஸ்டர் வணக்கமுங்க. நான் ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேல பாக்கறனுங்க, வீட்டுக்காரிக்கும் அதே எஸ்டேட்தான். பையன் பொறந்து 3 மாசம் ஆச்சுங்க. பழம் பறிக்கற சீசன் வந்தா அவளும் போகணும், இல்லன்னா சம்பளம் பத்தாது. எங்க அம்மாவுக்கு கண்ணு சரியா தெரியாது. ஊசி போட போனா ஒரு நாள் பொழப்பு போயிருதுங்க. அங்கன்வாடில விடலாம்னா புள்ள சின்னதுன்னு சொல்றாங்க. என்ன பண்றதுங்க?
(வாசகர், ஏற்காடு)

பதில்: தம்பி, அப்பன்காரன் எழுதுன லெட்டரு இந்த மாசத்துக்கு இது ஒண்ணுதான், அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

அங்கன்வாடி அம்மா சொன்னது சரிதான், ரெண்டு வயசு ஆனாதான் அங்க விட முடியும். ஆனா அதுக்காக அந்த பக்கமே போகாம இருக்காதீங்க, பால் குடுக்கற தாய்க்கு ஆறு மாசம் வரைக்கும் சத்துமாவு உண்டு, அதுக்கப்புறம் பையனுக்கு உண்டு, பேரு எழுதி வெச்சிருந்தாதான் கெடைக்கும். மலையில நான் பாத்தது, சத்துமாவ வாங்கிட்டு வந்து வீட்ல இருக்கற அத்தன பேருக்கும் உருண்ட புடிச்சு குடுத்துட்டு அம்மாக்காரி வெறும் டீ குடிச்சுட்டு காட்டுக்கு போவா. அது அவளுக்குன்னு குடுத்தது, அவ தின்னுதான் ஆகணும், நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கங்க.

புள்ளய விடற எடம் எஸ்டேட்டோட பொறுப்பு தம்பி, நீங்க கெஞ்சி வாங்கற சலுகை இல்ல. 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே பிள்ளைக் காப்பகம் வெக்கணும்னு எழுதியிருக்கு, அம்பது பொம்பளைங்க வேல செய்யற எடம்னு கணக்கு. இப்ப சட்டத்தோட பேரு மாறுச்சு, காப்பகம் வெக்கணுங்கறது மாறல. சின்ன எஸ்டேட்னா ஆள் கணக்கு காட்டி நழுவுவாங்க, அப்ப அஞ்சாறு வீட்டு பொம்பளைங்க சேந்து, வயசான ஒரு அம்மாவுக்கு ஆளுக்கு கொஞ்சம் கூலி போட்டு, காடு பறிக்கற எடத்துக்கு பக்கத்துலயே ஒரு கொட்டாய்ல தூளி கட்டி பாத்துக்க வைங்க. பக்கத்துல இருந்தாதான் நடுவுல வந்து பால் குடுத்துட்டு போக முடியும். பால பீச்சி வெச்சுட்டும் போகலாம், நல்லா கழுவி கொதிக்க வெச்ச எவர்சில்வர் டம்ளர்ல பீச்சி மூடி வெச்சா வெளியவே 4 மணி நேரம் தாங்கும், பாட்டில் வேண்டாம், சங்கடையில, அதான் பாலாடையில, குடுக்க சொல்லுங்க. உங்கம்மா கண்ணு தெரியலன்னாலும் தூளி ஆட்ட கண்ணு வேண்டாம், மடியில வெச்சுக்க கண்ணு வேண்டாம், கூட ஒரு ஆள் இருந்தா போதும், சும்மா உக்கார வெச்சிராதீங்க அவங்கள.

ஊசி விஷயம். மலையில 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு, கீழ 5,000 பேருக்கு ஒண்ணு. அதனால ஊசிக்காக 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் போக வேண்டியதில்ல, உங்க ஊர் பக்கமே நர்ஸு வர்ற நாள் எதுன்னு கேட்டு வெச்சுக்கங்க. ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம், ஒம்பது மாசம், அப்புறம் ஒன்றரை வயசு, இதுதான் நீங்க லீவு போட வேண்டிய நாளு. மூன்றரை மாசத்துது இப்ப வருது. தேதி தள்ளிப் போச்சுன்னா திட்டுவாங்கன்னு போகாம இருந்தவங்க எனக்கு தெரியும், திட்டுனா திட்டட்டும், விட்ட எடத்துல இருந்து தொடர்ந்து போட்டுக்கலாம், மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. பனி விழற மாசத்துல காலைல 7 மணிக்கே தூக்கிட்டு வராதீங்க, வெயில் ஏறுனதும் வாங்க, தலைக்கு குல்லா, கால்ல சாக்ஸு. கெழவிங்க கம்பளில மூஞ்சியும் சேத்து மூடிருவாங்க, மூஞ்சி தெரியணும்.

கேள்வி: பிரைவேட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். 3 மாசம்தான் லீவு, அதுவும் சம்பளம் இல்லாமன்னு கரெஸ்பாண்டன்ட் சொல்றாரு. இது சரியா?
(வாசகி, ஆத்தூர்)

பதில்: சரியில்ல. மொத ரெண்டு புள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, 2017ல இருந்து அப்படித்தான். பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேல பாத்திருந்தா போதும். திரும்ப சேந்ததுக்கப்புறம் புள்ளைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்க ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேள உண்டு. வாயால கேக்காதீங்க, எழுதி குடுத்து ஒரு காப்பில கையெழுத்து வாங்கிக்கங்க, கையெழுத்து போட மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அப்பவும் மசியலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம். வேல போயிருமோன்னு பயம் இருக்கும், தெரியும், அதனால தனியா போகாம கூட வேல பாக்கற ரெண்டு டீச்சர சேத்துக்கங்க, நாளைக்கு அவங்களுக்கும் இதே லீவு வேணும்ல.

கேள்வி: அம்மா, எனக்கு வயசு 61. மூணு பெத்து வளத்தவ. இப்ப மருமக போன பாத்துட்டு நான் சொல்றது எதையுமே கேக்க மாட்டேங்கறா. தண்ணி குடுக்காதீங்க, வசம்பு தடவாதீங்க, தேன் வேண்டாம், மூக்குல எண்ண விடாதீங்கன்னு. தொக்கம் எடுக்க கூட்டிட்டு போறேன்னதுக்கு சண்டையே வந்துருச்சு. அப்ப நான் எதுக்கு இங்க இருக்கேன்?
(வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: உங்க கடைசி வரிய நாலு தடவ படிச்சேன் அக்கா. அதுக்கு கடைசில வர்றேன்.

மருமக சொன்ன அஞ்சும் சரி, அதுல நான் உங்க பக்கம் பேச முடியாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்லயே தண்ணி இருக்கு, சேலம் வெயில்லயும் அது போதும். தேன் ஒரு வயசு வரைக்கும் ஆகாது. வசம்ப சுட்டு நாக்குல தடவறது, மூக்குல எண்ண விடறது ரெண்டும் நெஞ்சுக்குள்ள போயி புள்ளய படுக்க போட்டத நான் கண்ணால பாத்திருக்கேன். தொக்கம் எடுக்கறேன், உள்ள சிக்குனத எடுக்கறேன்னு வாய்க்குள்ள வெரல விட்டு, வயித்த அமுக்கி, அதெல்லாம் வேண்டவே வேண்டாம், சண்ட போட்டது நல்லதுதான்.

ஆனா உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க புள்ள வளத்த காலத்துல நாங்களே, அதாவது நர்ஸுங்களே, நாலு மாசத்துலயே கூழு குடுக்க ஆரம்பிக்கலாம்னுதான் சொல்லிட்டு இருந்தோம். 2001லதான் உலக சுகாதார நிறுவனம் முழுசா ஆறு மாசம்னு மாத்துச்சு. நான் சொன்னத கேட்டு நாலு மாசத்துல கேப்பங்கூழ் குடுத்த அம்மாங்க கிட்டயே அப்புறம் போயி ஆறு மாசம்னு மாத்தி சொன்னேன், 'நீதான நர்ஸு அன்னிக்கு சொன்ன'ன்னு ஒருத்தி மொகத்துக்கு நேரா கேட்டா. பதில் இல்ல எங்கிட்ட. அத மருமக கிட்ட சொல்லுங்க, உங்க மேல கோவம் கொறையும்.

இப்ப நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு. கால நீட்டி உக்காந்து, புள்ளய கால் மேல குப்புற போட்டு, ஒரு கையில தல நழுவாம புடிச்சு இன்னொரு கையில தண்ணி ஊத்தறது இருக்கே, அத எந்த போன்லயும் பாத்து கத்துக்க முடியாது. உங்க மருமக பயந்து பயந்து பிளாஸ்டிக் டப்புல குளிக்க வெச்சுட்டு இருப்பா, இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம். எண்ண தேச்சு விடுங்க, காதுலயும் மூக்குலயும் விடாம. ஏணை கட்டி தூங்க வைங்க, சாம்பிராணி புகை மட்டும் வேண்டாம். பத்திய சோறு ஆக்குங்க, பூண்டுக் கொழம்பு, முருங்கக்கீரை, சுறா கெடைச்சா புட்டு, வயிறு நெறய போடுங்க, பத்தியம்னு அளந்து போடாதீங்க, பால் குடுக்கறவளுக்கு ரெண்டு கரண்டி சேத்து வேணும். அதோட ஒண்ணு பண்ணுங்க அக்கா, விடிகாலைல உங்களுக்கு எப்படியும் 4 மணிக்கு முழிப்பு வந்துரும், வயசுக்கு தூக்கம் அவ்வளவுதான். மருமக பால் குடுத்து முடிச்சதும் கதவ தட்டி புள்ளய வாங்கிக்கங்க, 7 மணி வரைக்கும் நீங்க வெச்சுக்கங்க, வாசல்ல கோலம் போடறப்ப மடியில துணி கட்டி போட்டுக்க முடியலன்னா கோலத்த உங்க வீட்டுக்காரர் போடட்டும். ஒரு வாரம் இப்படி அந்த பொண்ணு தூங்கி எழுந்தா, அப்புறம் போன வெச்சுட்டு 'அத்தை இது எப்படி'ன்னு அவளே வந்து கேப்பா.

கேள்வி: பால் குடுக்கறவங்க தட்டுவடை செட் சாப்பிடலாமா சிஸ்டர்? வீட்ல கூடவே கூடாதுங்கறாங்க. புள்ளைக்கு 2 மாசம். சிரிக்காதீங்க.
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: சிரிக்கல. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம், ரெண்டு சட்னி, இதுல பாப்பாவுக்கு ஆகாதது என்ன இருக்கு? கடைக்காரர் கை சுத்தமா, சட்னி அன்னிக்கு அரைச்சதா, அது ரெண்டையும் மட்டும் பாருங்க. ஆனா பார்சல் வாங்கிட்டு வர சொல்லாதீங்க, வீட்டுக்கு வர்றதுக்குள்ள நமுத்துரும். பால் குடுத்துட்டு, பாப்பாவ அவங்கப்பா கையில குடுத்துட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு நீங்களே நடந்து போங்க. நின்னுட்டே ரெண்டு செட் சாப்பிடுங்க, காரம் கொஞ்சம் கம்மியா போட சொல்லி. போன் வீட்லயே இருக்கட்டும்.